வானவில் வாரமும் ‘வ’ எழுத்தும்

காலை பத்தரை மணி வெயிலில், மொட்டைமாடி விளிம்பில் நின்று நான் மழை பெய்துகொண்டிருந்தேன்.

கையில் பூவாளி. பள்ளி விழாவுக்கு ஒத்திகை. கீழே முற்றத்தில் இருபத்திரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு குட்டிக் குடையுடன். நாலு வயது, சிலருக்கு அதுவும் நிறையவில்லை. ஓரத்தில் செல்போனை நீட்டிப் பிடித்தபடி சுகந்தி மேடம். எங்கள் மழலையர் பள்ளியின் உரிமையாளர், தலைமையாசிரியர், அன்றைக்கு ஒளிப்பதிவாளர்.

“மிஸ், இது மழை மாதிரியே இல்லை. செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி இருக்கு. கொஞ்சம் சாரலா ஊத்துங்க.”

சாரலாக ஊற்றினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியின்மேல் பெய்தது.

“இப்போ புயல் மாதிரி இருக்கு மிஸ்.”

ஆயா சரசக்கா இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். “ஏனுங்க அம்மணி, தண்ணி வந்து ஆறு நாளாச்சு. நீங்க பாட்டுக்குப் பேஞ்சுக்கிட்டே இருந்தா, மத்தியானம் புள்ளைக கை கழுவத் தண்ணிக்கு எங்கீங்க போறது?”

நான் பெய்வதை நிறுத்தினேன். அதற்குள் கீழே நாலைந்து பேர் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் குடையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் தன்ஷிகா. இந்த வாரம் நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

அதற்கு முன் ஒரு விளக்கம். போன வாரம் இந்தத் தொடரில் டிபன் டப்பாக்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தகப்பனார் போன் செய்து, அந்த நூடுல்ஸ் டப்பா தன் மகனுடையதுதானே என்று கேட்டார். இல்லை. எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

ஒரு வாரம் உட்காருங்க

நான் மிஸ் ஆனது தற்செயல். கோவையில், கணபதி பகுதியில் ஒரு வாடகை வீட்டில் சுகந்தி மேடம் பள்ளி தொடங்கிய புதிதில், என் மகளை அங்கே சேர்க்கப் போனேன். அவள் என் சேலை முந்தானையை விடவே இல்லை. மேடம், “ஒரு வாரம் நீங்களும் மூலையில உட்காருங்க, சரியாயிடும்” என்றார்.

மூன்றாம் நாள் மகள் என்னை மறந்துவிட்டாள். ஆனால் மற்ற பிள்ளைகள் மூக்கைச் சிந்திவிட என்னிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். நாலாம் நாள் ஒரு மிஸ் கல்யாணத்துக்காக நின்றுவிட்டார். அந்த ஒரு வாரம் இருபது வருடங்களாக முடியாமல் இருக்கிறது. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். நான் இன்னும் அதே பிரீகேஜி வகுப்பில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மேல் வகுப்புக்குப் போகாத ஒரே ஆள் நான்தான்.

ஆரம்பத்தில் பாடம் நடத்துவது சுலபமாக இருந்தது. பலகையில் எழுதுவோம், மணலில் எழுத வைப்போம், கையைப் பிடித்துச் சுழிப்போம். பிறகு மேடம், தூரத்து நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டார். சுவரில் சிரிக்கும் விலங்குகள் வந்தன. வாசலில் வளைவு வந்தது. மாதம் தவறாமல் ஒரு பெட்டி வந்தது.

பெட்டியில் வந்த வானிலை

அந்த மாசி மாதப் பெட்டியின் மேல் ‘வானவில்லும் வானிலையும்’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்துக்கு டபிள்யூ. பெற்றோர்கள் தாய்மொழியும் வேண்டும் என்று கேட்டிருந்ததால் தமிழுக்கு ‘வ’. ஓர் எழுத்துக்கு மூன்று வாரம். முடிவில் பெற்றோர்கள் முன்னால் வானவில் நாள் விழா.

உள்ளே ஏழு நிறச் சாயப்பொடி, அட்டையில் ஒரு வானிலைச் சக்கரம், ஒரு பொட்டலம் பஞ்சு, நாற்பது படங்கள் கொண்ட அட்டைக்கட்டு, எங்களுக்கென்று ஒரு கையேடு. பஞ்சு எதற்கென்றால், பனிப்பொழிவு செய்ய.

“பஞ்சு பறக்கறதப் பாக்கறதுக்கு இம்புட்டுத் தொலவுல இருந்து பெட்டி வரோணுமாக்கும்? மில்லுல இருவது வருசம் எந்தலையில பூராவும் இதேதான் பேஞ்சுது” என்றார் சரசக்கா.

தினமும் காலையில் ஒரு குழந்தை எழுந்து வந்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, சக்கரத்தின் முள்ளைத் திருப்ப வேண்டும். திங்கள்: வெயில். செவ்வாய்: வெயில். புதன்: வெயில். வியாழக்கிழமை முறை வந்த பையனுக்கு இது அநியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். முள்ளைப் பனியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். மேடம் அதைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட, ஏழு பேர் இதயம் போட்டார்கள். கோயம்புத்தூரில் பனி பெய்ததில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

‘வ’ எழுத்துக்கு விதவிதமான விளையாட்டுகள். தட்டில் ஏழு நிற உப்பைப் பரப்பி அதில் விரலால் ‘வ’ எழுதுவது. தரையில் சாக்பீஸில் பெரிய ‘வ’ வரைந்து அதன் சுழியில் நடந்து போவது. சுழியின் உட்பக்கம் போனவர்கள் திரும்பி வரும்போது எதிரே வருபவர்களோடு முட்டிக்கொள்வார்கள். ‘வ’ எழுத்தில் போக்குவரத்து நெரிசல் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

‘வ’வில் தொடங்கும் பொருள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். ஆறு பேர் வடை கொண்டுவந்தார்கள். வாட்ச், வாட்டர் பாட்டில், வாஷிங் மெஷின் படம். ஒரு தகப்பனார் வீட்டிலிருந்த வைஃபை பெட்டியையே கழற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு, பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங் நின்றுபோனதும் ஓடி வந்து வாங்கிப் போனார்.

கருநீலம் யாருக்கு?

இதற்கு நடுவில் விழாவுக்கான உடை. ஏழு நிறம், நிறத்துக்கு மூன்று குழந்தைகள். ஏழு மூன்று இருபத்தொன்று. வகுப்பில் இருப்பது இருபத்திரண்டு.

“ஒண்ணு மிச்சம் வருதே மேடம்?”

மேடம் வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டி ஒரு பெயரில் நிறுத்தினார். “தன்ஷிகா மேகமா இருக்கட்டும். அவ அவ்வளவா பேசவும் மாட்டா. ஓரமா நின்னா போதும்.”

தன்ஷிகா பேசாதவள் இல்லை. எங்கள் பள்ளிக்குள் ஆங்கிலம் பேச வேண்டும், முடியாவிட்டால் புத்தகத் தமிழ் பேச வேண்டும் என்று விதி. அவளுக்கு இரண்டும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அவள் வீட்டுப் பேச்சு. என் சேலையைப் பிடித்து இழுத்து, காதுக்குள், “மிஸ், எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க” என்பாள். மூச்சுக்கு முந்நூறு ‘ங்க’ போடும் அந்தக் குழந்தையின் மதிப்பெண் அட்டையில், ‘தொடர்புத் திறன் குறைவு’ என்று எழுதியிருந்தது.

அவள் அம்மா ரேவதி ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். பெற்றோர் குழுவில் கருநீலத்துக்கும் ஊதாவுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று நாள் சண்டை நடந்தபோது, அதைத் தீர்த்துவைத்தவர் அவர்தான். கடையிலிருந்து ஏழு நிறத் துணிகளையும் வரிசையாகப் படமெடுத்து அனுப்பினார். கருநீலக் குழந்தைகளின் அம்மாக்கள் மூவரும் அவருடைய கடைக்கே போய், அவர் எடுத்துக் கொடுத்த துணியை வாங்கி வந்தார்கள்.

மறுநாள் வாசலில் என்னிடம் கேட்டார். “ஏனுங்க மிஸ், எல்லாத்துக்கும் கலர் எடுத்துக் குடுத்தனுங்க. எம்பட புள்ளைக்கு மட்டும் கலர் இல்லீங்களா?”

“மேகம் இல்லாம வானவில் ஏதுங்க?” என்றேன். எப்படித்தான் அப்படிச் சமாளிக்க வந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

நீலக் கோட்டின் ரகசியம்

இப்போது எனக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

அட்டைக்கட்டில் ‘வ’ வரிசைப் படங்கள் இருந்தன. வண்டி, வானம், வாழைப்பழம், வீடு, ஒருவன் வழுக்கி விழுகிற படம். மற்ற எழுத்துகளின் படங்களும் கலந்திருந்தன. குழந்தைகள் ‘வ’ படங்களை மட்டும் பொறுக்கி மேகம் வரைந்த கூடையில் போட வேண்டும்.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: “வ சொல்லும்போது மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடும். விரலை வெச்சுப் பாருங்க.” முதல் நாள் எல்லோரும் உதட்டில் விரல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர் மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் அதிசயம் நடந்தது. எல்லோரும் மளமளவென்று சரியாகக் கூடையில் போட்டார்கள். மேடம் பூரித்துப்போய்ப் படமெடுத்தார். ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினார். ‘பிற கிளைகளுக்கு முன்மாதிரி’ என்று பதில் வந்தது.

அன்று மதியம் ஒரு பையன் தன் நீல நிறத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொண்டுபோய்க் கூடையில் போட்டான்.

“இது ஏன் கண்ணு இங்கே?”

“ப்ளூ மிஸ்.”

அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ‘வ’ படங்களுக்கெல்லாம் ஓரத்தில் நீலக் கோடு. ‘ம’ படங்களுக்குப் பச்சை. ‘க’ படங்களுக்குச் சிவப்பு. ஆசிரியர்கள் அடுக்கி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று அச்சடித்தவர்கள் செய்த ஏற்பாடு. என் வகுப்பு படித்தது எழுத்தையல்ல, ஓரத்தை.

மேடத்திடம் சொல்லியிருக்கலாம். படம் அனுப்பியாயிற்று, பாராட்டும் வந்தாயிற்று. விழாவுக்கு இன்னும் பத்து நாள். வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதோடு நிற்காமல், “நீலம் எங்கே, நீலம் எங்கே” என்று ஒரு பாட்டும் கட்டிவிட்டேன். அப்புறம் தப்பே வரவில்லை.

ஒருத்தியிடம் மட்டும் வந்தது. தன்ஷிகா ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, உதட்டில் விரலை வைத்து, முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வாள். வண்டியைக் கூடையில் போடுவாள். வானத்தைப் போடுவாள். வீட்டை எடுத்துத் தனியே வைத்துவிடுவாள். தினமும். மெதுவாக இருக்கிறாள், கவனம் போதவில்லை என்று நானும் நினைத்தேன். என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினேன்.

ஐந்து அட்டைகள்

விழா நாளன்று காலையிலேயே ஹெட் ஆபீஸிலிருந்து ப்ரீத்தா என்ற பெண் மதிப்பீடு செய்ய வந்துவிட்டார். சென்னைக்காரர். என் மகள் வயதுதான் இருக்கும். முந்தின நாள் சேலத்தில் இரண்டு பள்ளி, மறுநாள் பாலக்காட்டில் இரண்டு பள்ளி. இடையில் சாப்பிட்டாரா என்று கேட்க யாருமில்லாத முகம்.

ஒவ்வொரு குழந்தையாக எதிரே உட்கார வைத்து ஐந்து அட்டை காட்டினார். நாற்பது அட்டையில் எந்த ஐந்து என்பதை ஒரு செயலி தீர்மானித்தது. ஐந்துக்கு மூன்று வந்தால் எல்கேஜி. வராவிட்டால் மறுபடியும் பிரீகேஜி, என்னோடு. இருபத்தொரு பேரும் ஐந்துக்கு ஐந்து. ப்ரீத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். “சூப்பர் மிஸ்.”

கடைசியாகத் தன்ஷிகா. வெள்ளைச் சட்டை முழுக்கப் பஞ்சு ஒட்டி, அப்போதே மேகமாக இருந்தாள்.

ப்ரீத்தா வீட்டின் படத்தைக் காட்டினார். “இது என்னடா?”

உதட்டில் விரல். “ஊடுங்க.”

“எந்த லெட்டர்ல ஸ்டார்ட் ஆகுது?”

“ஊ.”

ப்ரீத்தா திரையில் தட்டினார். அடுத்தது, வழுக்கி விழுகிறவன்.

“உளுந்துட்டானுங்க. பாவம்.”

“எந்த லெட்டர்?”

“உ.”

மூன்றாவது விளக்கு. அவளுக்கு அது ‘வெளக்கு’. “வெ” என்றாள். சரியான விடை ‘வ’ என்றும், ‘வெ’ பெட்டிப்படி தனி எழுத்து என்றும் ப்ரீத்தா சொன்னார். தட்டினார். வண்டியும் வானமும் சரி. ஐந்துக்கு இரண்டு.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இந்த வகுப்பில் ‘வ’ தெரிந்த ஒரே குழந்தை இவள்தான். தன் வாயில் என்ன வருகிறதோ அதைக் கேட்டு, அதற்குரிய எழுத்தைச் சொல்லுகிறாள். ஊடு என்றால் ஊ. அதில் என்ன பிழை? பத்து நாளாக அவள் வீட்டைத் தனியே வைத்ததும் இதனால்தான்.

வாயைத் திறந்தேன். திறந்தால் நீலக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தொரு ஐந்துக்கு ஐந்தும் பொய் என்று சொல்ல வேண்டும். அவற்றுக்குப் பாட்டுக் கட்டியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

“தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?” என்று ப்ரீத்தாவிடம் கேட்டேன். அதுதான் வந்தது.

மழையால் மழை ரத்து

விழா நாலு மணிக்கு. முற்றத்தில் பந்தல் இல்லை. வானம் தெரிய வேண்டும் என்று கையேடு சொன்னது. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வானவில் மூன்று மூன்றாக நின்றது. ஓரத்தில் மேகம். மொட்டைமாடியில் பூவாளியோடு சரசக்கா.

மேடம் மைக்கைப் பிடித்து, “இயற்கையோடு இணைந்த கல்வி” என்று தொடங்கினார். வடக்கே இடி இடித்தது.

கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டு வராது. முதலில் மண்வாசனை, அடுத்து நாலு பெரிய துளி, அப்புறம் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. ‘மழையே வா’ என்று பாட வந்த இருபத்திரண்டு பேரையும் பெற்றோர்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். “சளி புடிச்சுக்கும்! உள்ள வா! உள்ள வா!” குட்டிக் குடைகள் முற்றத்தில் உருண்டன. சிவப்பு ஆரஞ்சில் ஒட்டியது, பச்சை ஊதாவில் ஒட்டியது. குடை பிடித்து ஆடும் நாட்டியம், மழை காரணமாக நிறுத்தப்பட்டது.

மேலேயிருந்து சரசக்கா குரல் கேட்டது. “அம்மணி, நான் ஊத்தட்டுங்களா, வேண்டாமுங்களா?”

எல்லோரும் பிரீகேஜி வகுப்பறைக்குள் அடைந்துகொண்டோம். ஜன்னல்களைச் சாத்தினோம். கரண்ட் போனது. இருட்டு, புழுக்கம், நனைந்த பஞ்சின் வாடை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் இருபது அழும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

மேகம் குதித்தபோது

தன்ஷிகாவுக்காகத்தான் அதைச் செய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அழுகையை நிறுத்த ஏதாவது விளையாட வைக்க வேண்டியிருந்தது. அட்டைகள் இருட்டில் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

“நான் ஒரு வார்த்தை சொல்லுவேன். வ வந்தா குதிக்கணும். வராட்டி உட்காரணும். சரியா? வண்டி!”

யாரும் குதிக்கவில்லை. இருபத்தொரு முகங்கள் நீலத்தைத் தேடின. சுவரோரம் ஒரே ஒரு வெள்ளை உருவம், உதட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் குதித்தது. பஞ்சு பறந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள்.

“மழை!” மேகம் உட்கார்ந்தது. வானவில்லும் உட்கார்ந்தது.

“வானம்!” மேகம் குதித்தால் வானவில் குதித்தது, அரை நொடி தாமதமாக.

பெற்றோர்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்ததை வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. வீடு!”

சிலர் குதித்தார்கள், சிலர் உட்கார்ந்தார்கள், ஒருவன் படுத்துக்கொண்டான். தன்ஷிகா கண்ணை மூடி, விரலை உதட்டில் வைத்து, “வீ... டு” என்று புதுச் சொல்லைச் சொல்வதுபோல மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குதித்தாள்.

“ஊடு!”

அவள் குதிக்கவில்லை. கண்ணைத் திறந்து, என்னை ஏமாத்தாதீங்க என்பதுபோலப் பார்த்தாள்.

வைஃபைப் பெட்டிக்காரத் தகப்பனார்தான் முதலில் பேசினார். “சரிதானுங்களே! ஊடுன்னா ஊ தானுங்க வரும்!” அறை முழுக்க ஒரே சிரிப்பு. ஒவ்வொருவரும் தங்கள் வாயில் ‘ஊடு’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது பேர் இருட்டில் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நின்ற காட்சியை நான் மறக்க மாட்டேன்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மேடத்தையும் ப்ரீத்தாவையும் கரும்பலகைப் பக்கம் அழைத்து, நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பாட்டையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்போல, முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ப்ரீத்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “புரியுது மேம். ஆனா ஆப்ல சப்மிட் பண்ணியாச்சு. எடிட் ஆப்ஷன் கிடையாது.”

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் இருபது வருடமும் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பியது ப்ரீத்தா பக்கம்.

“ஆப்பு கெடக்குதுங்க அம்மணி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நானு தாராபுரத்துல ஊடு ஊடுன்னு சொல்லித்தான் பள்ளிக்கூடம் போயி, டிகிரி வாங்கிப்போட்டு வந்துருக்கறேன். இந்தப் புள்ள எல்கேஜிக்குத்தான் போறா.”

இருபது வருடத்தில் அவர் வாயில் அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை. அவருக்கே திடுக்கென்றிருக்க வேண்டும். உடனே சேலையைச் சரிசெய்துகொண்டு, “ஐ மீன், ஷி இஸ் ரெடி” என்றார்.

முன்னால் நின்ற கருநீலத்தின் அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப மத்த இருவத்தொரு பேருங்க?”

கரண்ட் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

பேசிப்போடுங்க

பதில் சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது. அட்டைக்கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, உதட்டில் விரல் வைக்கும் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன். ‘போன மாசமே வ முடிஞ்சிருச்சே, மறுபடியும் வ ஏன்?’ என்று பெற்றோர் குழுவில் தினமும் கேள்வி வந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து கடிதமும் வந்தது. வட்டார வழக்கால் குழப்பம் ஏற்படுவதால், கோவைக் கிளைகளுக்கு இனி வீட்டின் படம் அனுப்பப்படாது; பதிலாக வைரத்தின் படம் அனுப்பப்படும். வைரம் பார்த்த குழந்தை எங்கள் வகுப்பில் யாருமில்லை. ஆனால் நீலக் கோட்டை எடுத்துவிட்டார்கள். அதற்காக ப்ரீத்தா இரண்டு முறை மேலே எழுதினாராம்; மேடம்தான் சொன்னார்.

மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் எனக்கு வேண்டிய சேதியெல்லாம் சரசக்கா வழியாகவே வந்தது, அவ்வளவுதான்.

கடைசி வேலை நாளில் ரேவதி மகளைக் கூட்டிப்போக வந்தார். கடையிலிருந்து அனுமதி கேட்டு அவசரமாக வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. தன்ஷிகா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வருடத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமுங்க,” என்றேன். “அன்னைக்குக் காலையில பரீட்சை வெச்சப்பவே, பாப்பா சொல்றது சரின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் வாயே திறக்கலை.”

“தெரியுமுங்க மிஸ்.”

“யார் சொன்னாங்க?”

“யாருஞ் சொல்லலீங்க. பஞ்சு ஒட்டறதுக்கு வந்தவ, ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தனுங்க. நீங்க வாயத் தொறந்தீங்க. அப்பறம் பரீட்சை வெச்ச அந்தப் புள்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டீங்க.”

அவர் குரலில் கோபமில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், இந்தத் துணி சாயம் போகுமுங்க, வேண்டாமுங்க என்று உள்ளதைச் சொல்வாரே, அந்தக் குரல்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார்.

“எம்புள்ள மேல் கிளாசுக்குப் போயிட்டாளுங்க. அடுத்த வருசமும் இங்க ஒருத்தி வருவா, எங்களாட்டம் பேசிக்கிட்டு,” என்றார். “அப்ப பேசிப்போடுங்க மிஸ்.”